ஏறச் சொன்னது யார்?

அத்தியாயம் 14

வலது காலை ஷூவுக்குள் நுழைப்பதற்குள் விஷ்ணுப்ரியாவுக்கு வியர்த்துவிட்டது. கணுக்காலில் பிளேட்டும் ஸ்குரூவும் வைத்து மாதங்கள் ஆகிவிட்டன. நடக்க முடிகிறது, மெதுவாகப் படி ஏற முடிகிறது. காலையில் எழுந்ததும் மட்டும் அந்தக் கால் அவள் சொல்பேச்சைக் கேட்பதில்லை. காடி ஓட்ட டாக்டர் இன்னும் விடவில்லை.

வெளியே தம்பி விமலன் காடியைக் கிளப்பி வைத்துக் காத்திருந்தான்.

"அக்கா, கிளம்பு. ஃபெடரல் ஹைவே இந்நேரத்துக்கே ஜாம்."

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் வக்கீல் ஆபீஸுக்கு அவளை அழைத்துப் போகிறவன் அவன்தான். போய்ச் சேர்ந்த பிறகு மேசைக்கு அந்தப் பக்கம், கேப்டன் நாகையாவுக்கு அருகில் உட்கார்ந்து அவளுக்கு எதிராகப் பேசப் போகிறவனும் அவன்தான். நேற்று சோறு சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்லியிருந்தான்.  ரசத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அம்மா வள்ளியம்மா பள்ளிக்கூட வேனின் முதல் நடையை முடித்துவிட்டு அப்போதுதான் கிள்ளான் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். அறுபதைத் தாண்டியும் வேன் ஓட்டுகிறவள். கையில் சாவியோடு வாசலில் நின்றாள்.

"ரெண்டு பேரும் அங்க போய்ச் சண்டை போடாதீங்க."

"சண்டை போட எனக்குத் தெம்பு இல்லம்மா" என்றாள் ப்ரியா.

"கேப்டன் கெட்டவர் இல்ல. அப்பா செத்தப்ப ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பை எடுத்து வந்தது யாரு? அவரு என்ன சொல்றாருன்னு கேளு. ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலையாவது மிஞ்சணும்."

ஒருத்தர் என்று அம்மா யாரைச் சொன்னாள் என்று ப்ரியா கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

இதுவரை நடந்ததை மறந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓடுபாதை. அங்கே கேப்டன் நாகையா நடத்தும் நிறுவனம்தான் 'அவான் பீரு'. ஆசைப்பட்டு வருகிற விருந்தாளியைத் தன் மார்போடு பெல்ட்டால் பிணைத்துக்கொண்டு, விமானத்திலிருந்து குதித்து, பாராசூட்டில் பத்திரமாகத் தரையிறக்குவது ப்ரியாவின் வேலை. ஒன்பது வருஷம் அதைச் செய்தாள். தம்பியையும் அவளே அங்கே சேர்த்துவிட்டாள். பிறகு ஒரு சனிக்கிழமை, இறங்கும்போது கால் உடைந்தது.

கால் உடைந்ததும் நிறுவனம் சொன்னது: நீ எங்கள் ஊழியர் இல்லை. காண்ட்ராக்டர். தொழிலாளருக்கான சொக்சோ காப்புறுதி கிடையாது, மருத்துவ விடுப்பு கிடையாது.

காஜாங் பக்கம் புதிதாகத் திறக்கப் போகும் பயிற்சி மையத்தில் செந்தூரன் என்பவர் அவளைப் பாடம் நடத்தக் கூப்பிட்டதும் அதே நிறுவனம் சொன்னது: நீ எங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவள். மூன்று வருஷத்துக்கு பாராசூட் சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் வேறு எங்கேயும் போகக்கூடாது.

அதைப் பேசித் தீர்க்கத்தான் இன்றைய பயணம்.

ஷா ஆலமைத் தாண்டுகிற வரை காடிக்குள் ரேடியோ மட்டும் பேசியது. பிறகு விமலன் அதை அணைத்தான்.

"நான் பொய் சொல்லப் போறதில்லக்கா. நீ லீவு கேட்டப்பலாம் குடுத்தாங்க. வர முடியாத நாளை முன்னாடியே சொல்லலாம். அதை மட்டும்தான் சொல்லப் போறேன்."

"சரி."

"கோவமா?"

"இல்லடா. லெஃப்ட்ல மோட்டார் சைக்கிள் வருது, பாரு."

அவன் பார்த்து ஓட்டினான். அவள் சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் காலை நீட்டிக்கொண்டாள். இருவரும் பேசாமல் விட்டது லீவு பற்றியது அல்ல. அந்தச் சனிக்கிழமையைப் பற்றியது.

அன்று சுபாங் ஜெயாவிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். காலையிலிருந்தே காற்று சரியில்லை. காற்றின் வேகத்தைக் காட்டக் கம்பத்தில் கட்டியிருந்த காற்றுப்பை தொங்காமல் கழி மாதிரி விறைத்து நின்றது. ப்ரியா பெல்ட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, "இன்னைக்கு இதோட நிறுத்திக்கலாம்" என்றாள். தரைப் பொறுப்பில் அன்றைக்கு இருந்தவன் விமலன். யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்று சொல்ல வேண்டியவன் அவன். சரியென்று தலையாட்டினான். அப்போது அவன் போன் அடித்தது. இரண்டு முறை 'சரி கேப்டன்' என்றான். போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, ஏறு. காத்து அடங்கிடும்னு கேப்டன் சொல்றாரு" என்றான்.

அவள் ஏறினாள். காற்று அடங்கவில்லை. செம்பனை மரங்களின் உயரத்துக்கு வந்தபோது பக்கவாட்டில் ஒரு வீச்சு. விருந்தாளியின் கால்களைத் தூக்கிப் பிடித்து, தன் காலை முதலில் ஊன்றினாள். இரண்டு பேர் பாரமும் அந்த ஒரு கணுக்காலில் இறங்கியது. விருந்தாளி முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு எழுந்து போனார். இன்ஸ்ட்ரக்டர் மிகவும் அருமையானவர், கடைசியில் மட்டும் கொஞ்சம் சத்தம் போட்டார் என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்து எழுதினார்.

ஆஸ்பத்திரியில் விமலன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நான்தான் ஏறச் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதக்கா. என் பாராசூட் லைசென்ஸ் போயிடும். வீட்டுல மாதவி வேற முழுகாம இருக்கா."

அவள் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை, வக்கீலிடமும் சொல்லவில்லை. கேட்ட எல்லோரிடமும், "நானாத்தான் போனேன்" என்றாள். சொல்லிச் சொல்லி அதுவே வாயில் பழகிப்போனது.

*

வக்கீல் அமுதவள்ளியின் ஆபீஸ் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடி. செங்குத்தான படி. விமலன் பின்னால் ஒரு கையை நீட்டியபடியே ஏறி வந்தான், அவள் சாய்ந்தால் பிடிக்கலாம் என்று. அமுதவள்ளி கண்ணாடியைத் தலைமேல் தூக்கிவிட்டு இருவரையும் பார்த்தார்.

"ஒரே காடியிலயா வந்தீங்க?"

"வேற யாரும் இல்ல மேடம்" என்றாள் ப்ரியா.

அமுதவள்ளி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இருபது வருஷமாக இந்தத் தொழிலில் குடும்பங்களைப் பார்த்துவருகிறவர்.

கேப்டன் நாகையா தன் வக்கீலோடு வந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை. நேராக ப்ரியாவிடம் போய்க் குனிந்து காலைப் பார்த்தார்.

"வீக்கம் குறையலையே பொண்ணு. ஃபிசியோ போறியா இல்லையா?"

"போறேன் கேப்டன்."

அந்த அக்கறை நடிப்பு இல்லை என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. நடிப்பாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். விமலன் ஒரு கணம் நடுவில் நின்றான். பிறகு கேப்டனுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துக்கொண்டான்.

கேப்டனின் வக்கீல் இளைஞன், வார்த்தையை அளந்து பேசினான். "எங்க தரப்புல யாருக்கும் சண்டை போட விருப்பம் இல்ல. மிஸ் ப்ரியா, 'நான் ஒரு சுதந்திரக் காண்ட்ராக்டரா இருந்தேன், ஊழியரா இல்ல'ன்னு ஒத்துக்கிட்டா போதும். மூணு வருஷத் தடையை நாங்க விலக்கிக்கிறோம். நாளைக்கே காஜாங் போகலாம்."

அமுதவள்ளி சிரிக்காமல் கேட்டார். "அவங்க உங்க ஆள் இல்லன்னா, அவங்க எங்க வேலை பார்த்தா உங்களுக்கு என்ன?"

"என் இடத்துல வளர்ந்தவ மேடம்" என்றார் கேப்டன். "என் கஸ்டமர் எல்லாருக்கும் அவ பேரு தெரியும். எதிர்க்கடைக்கு அவளை அனுப்பிட்டு நான் என்ன பண்றது?"

"அப்ப உங்க ஆள்தான்."

கேப்டன் பெருமூச்சு விட்டார். "உங்களுக்கு இது வாதம். எனக்கு இருக்கிறது ஒரே ஒரு பிளேன். மழை பேஞ்சா காசு இல்ல. காத்தடிச்சா காசு இல்ல. எல்லாரையும் ஸ்டாஃப் ஆக்கினா கடையை இழுத்து மூட வேண்டியதுதான். மூடினா இதோ, இவனுக்கும் வேலை இல்ல."

விமலன் மேசையின் மரக்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அமுதவள்ளி ப்ரியாவைத் தனியாக உள்ளறைக்கு அழைத்துப் போனார். கதவைச் சாத்தினார்.

"கவனமா கேளுங்க. வேற இடத்துல வேலை பார்க்கக் கூடாதுன்னு அவங்க போட்ட தடை இந்த நாட்டுச் சட்டத்துல செல்லாது. ஒருத்தர் பிழைப்பை அப்படித் தடுக்க முடியாது. அவங்க வக்கீலுக்கும் அது தெரியும். இல்லாத ஒண்ணைக் குடுத்துட்டு, உங்ககிட்ட இருக்கிற ஒண்ணை வாங்கப் பார்க்கிறாங்க."

"செந்தூரன் சார், கேப்டன்கிட்டேர்ந்து சம்மதம் எழுதி வாங்கிட்டு வான்னு சொல்றார் மேடம். அது இல்லாம எடுக்க மாட்டார். இந்த வாரத்துக்குள்ள சொல்லணும்."

"அவர் பயப்படறார்."

"சட்டத்துல செல்லாதுன்னா அவர் ஏன் பயப்படறார்?"

அமுதவள்ளி நாற்காலியில் உட்கார்ந்தார். "வக்கீல் நோட்டீஸ் வந்தாலே எல்லாருக்கும் பயம்தான். பாதிப் பேர் அதுக்குத்தான் அனுப்பறாங்க."

ப்ரியா ஜன்னல் பக்கம் பார்த்தாள். மோனோரயில் ஒன்று தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

"நான் களைச்சிட்டேன் மேடம். கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடலாம்னு தோணுது."

"போடலாம். உங்க முடிவு." அமுதவள்ளி குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒரு கேள்வி. காண்ட்ராக்டர்னா, வேண்டாம்னு சொல்ற உரிமை இருக்கணும். நீங்க வேண்டாம்னு சொல்லியும் அவங்க ஏறச் சொன்ன நாள் ஒண்ணாவது இருந்ததா? இருந்தா கேஸ் வேற மாதிரி போகும். விபத்து அன்னைக்கு நீங்களாத்தான் போனேன்னு சொல்றீங்க. நிச்சயமா?"

ப்ரியா குனிந்து ஷூ லேஸைத் தளர்த்திக் கட்டினாள்.

"சாப்பிட்டுட்டு வாங்க" என்றார் அமுதவள்ளி. "அப்புறம் பேசலாம்."

*

கீழ்க்கடையில் அக்காவும் தம்பியும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். வாழையிலை போட்டுச் சோறு வந்தது. விமலன் தன் அப்பளத்தை எடுத்து அவள் இலையில் வைத்தான். சின்ன வயதிலிருந்து செய்கிற காரியம், யோசிக்காமல் கை செய்தது.

"நான் சீஃப் இன்ஸ்ட்ரக்டர் ஆயிட்டேன்க்கா" என்றான். "போன வாரம் கையெழுத்து போட்டேன்."

"காண்ட்ராக்டராவா?"

"ம்."

"தடை?"

"அதுவும் இருக்கு. மூணு வருஷம்." சோற்றைப் பிசைந்தான். "குழந்தை வரப் போகுது. வேற என்ன பண்றது."

"ஒண்ணும் பண்ண முடியாதுதான்."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அவனுக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் இன்னும் பேசினான்.

"இந்தச் சனிக்கிழமை ரெண்டு பஸ் வருது. உன் இடத்துக்கு சுரேகான்னு ஒரு பொண்ணு வந்திருக்கு. நல்லா குதிக்கும், ஆனா புதுசு. ஃபோர்காஸ்ட் பார்த்தேன். காத்து கொஞ்சம் ஓவரா இருக்கும் போலிருக்கு."

"கேப்டன் என்ன சொன்னாரு?"

"பஸ் வந்துட்டா திருப்பி அனுப்ப முடியாது, சமாளிச்சுக்கன்னாரு."

"அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொன்னா?"

விமலன் கையை நிறுத்தினான். கடைக்காரர் குழம்பு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று தலையசைத்தான். அவர் போன பிறகு சோற்றை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினான்.

அவள் அவனைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். முப்பத்திரண்டு வயதுக்கு அது அதிகம். இத்தனை மாதமாக அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே ஓடுபாதை ஓரத்தில், அதே போனோடு அவனை நிற்க விட்டிருக்கிறோம் என்பது சோற்றை விழுங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.  இலையை மூடினாள்.

"அக்கா, அப்பளம் அப்படியே இருக்கு."

"போதும்டா. மேல போலாம்."

*

மறுபடி உட்கார்ந்ததும் கேப்டனின் வக்கீல் விமலனைப் பார்த்தான். "மிஸ்டர் விமலன், நீங்க அவங்க கூடவே வேலை பார்த்தவர். எந்த நாள் வரணும்னு யார் முடிவு பண்ணினாங்க?"

"அவங்கதான். வர முடியாத நாளைச் சொன்னா பேரை எடுத்துடுவோம்."

"கட்டாயப்படுத்தினது உண்டா?"

"இல்ல." குரல் கீழே போனது. "அவங்க இஷ்டப்படிதான்."

கேப்டன் அவன் தோளில் லேசாகத் தட்டினார்.

அமுதவள்ளி தம்பியிடம் எதுவும் கேட்கவில்லை. ப்ரியாவின் பக்கம் திரும்பினார். "கால் உடைஞ்ச அன்னைக்கும் உங்க இஷ்டப்படிதான் போனீங்களா?"

அந்த வாக்கியம் ப்ரியாவின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நானாத்தான் போனேன். இரண்டே வார்த்தை. சொன்னால் நாளைக்குக் காஜாங். சொன்னால் தம்பியின் லைசென்ஸ் பத்திரம். அம்மாவுக்கும் நிம்மதி.

"இல்ல" என்றாள். "வேண்டாம்னு சொன்னேன். பெல்ட்டைக் கழட்டிக் கீழ வெச்சேன். அப்புறமும் ஏறச் சொன்னாங்க."

அமுதவள்ளி தலைமேல் இருந்த கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"யார் சொன்னாங்க?"

அவள் விமலனைப் பார்த்துத்தான் சொன்னாள். வேறு எங்கேயும் பார்த்துக்கொண்டு சொல்வது சரியில்லை என்று பட்டது.

"அன்னைக்குத் தரைப் பொறுப்புல இருந்தது என் தம்பி. அவன்தான் சொன்னான்."

 கேப்டனின் வக்கீல் பேனாவை எடுத்தான், பிறகு வைத்தான். "அப்படின்னா அது ரெண்டு காண்ட்ராக்டருக்கு இடையில நடந்த விஷயம். கம்பெனிக்கும் அதுக்கும்..."

"இல்ல" என்றான் விமலன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் அக்காவை மட்டும் பார்த்தான்.

"கேப்டன் போன் பண்ணினாரு. பஸ்ஸைத் திருப்பி அனுப்ப முடியாது, ஏறச் சொல்லுன்னாரு. நான் சொன்னேன். எனக்கும் வேண்டாம்னுதான் இருந்துச்சு. ஆனா சொல்லிட்டேன்."

 கேப்டன் நாகையாவுக்குக் கோபம் வரும் என்று ப்ரியா எதிர்பார்த்தாள். வரவில்லை. அவர் திடீரென்று கிழவராகிவிட்டது போலிருந்தது. மெதுவாக எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினார்.

"உன் தம்பி லைசென்ஸை நீயே எரிச்சிட்ட, பொண்ணு" என்றார். "யோசிச்சிருக்கலாம்."

அவரும் அவருடைய வக்கீலும் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

அமுதவள்ளி விமலனிடம் ஒரு குவளை தண்ணீரை நீட்டினார். "இப்ப சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

"அதுக்கப்புறம் எனக்கு என்ன ஆகும் மேடம்?"

"தெரியல. விசாரணை வரலாம். உங்களுக்குன்னு தனியா ஒரு வக்கீல் பார்த்துக்கிறது நல்லது. யோசிச்சுட்டு வாங்க."

அவன் தண்ணீரைக் குடித்து முடித்தான். "யோசிக்கிறேன்" என்றான்.

*

சுபாங் ஜெயாவில் ஃபிசியோ முடிய மாலையாகிவிட்டது. அவன் வெளியே காடியிலேயே காத்திருந்தான். போயிருக்கலாம், போகவில்லை. கதவைத் திறந்து, அவள் காலை உள்ளே எடுத்து வைக்கும் வரை நின்று, பிறகு சுற்றி வந்து உட்கார்ந்தான்.

நெடுஞ்சாலையில் காடிகள் ஊர்ந்தன. மழை பிடித்துக்கொண்டது. வெகுநேரம் கழித்துத்தான் பேசினான்.

"என்னை எச்சரிச்சிருக்கலாம்க்கா. கீழ சாப்பிடும்போது."

"எச்சரிச்சிருந்தா நீ வேண்டாம்னு கெஞ்சியிருப்ப. நானும் விட்டிருப்பேன்."

அவன் அதை மறுக்கவில்லை. வைப்பர் ஓடியது.

"சுரேகாவுக்கு போன் பண்ணிட்டேன்" என்றான். "நீ உள்ள இருக்கும்போது. சனிக்கிழமை காத்து சரியில்லைன்னா ஏறாத, யார் சொன்னாலும் ஏறாதன்னு சொல்லிட்டேன்."

"என்ன சொல்லிச்சு?"

"அப்ப அடுத்த வாரம் குதிக்கிறவங்க போர்டுல என் பேரு இருக்குமான்னு கேட்டுச்சு."

ப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கேள்வியை ஒன்பது வருஷத்தில் அவளும் எத்தனையோ முறை மனதுக்குள் கேட்டிருக்கிறாள். வெற்றி பெற்றது போல அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. காஜாங் வேலை கையை விட்டுப் போயிருக்கும். தம்பிக்கு இனி என்ன நடக்கும் என்று தெரியாது. இருந்தாலும் பல மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாக, அவன் பக்கத்தில் உட்கார்ந்து எதையும் மறைக்காமல் மூச்சுவிட முடிந்தது.

"அம்மாகிட்ட யாரு சொல்றது?" என்றான் விமலன்.

"நான் சொல்றேன்."

"வேணாம். நான்தானே செஞ்சேன். நானே சொல்றேன்."

கிள்ளான் டோலைத் தாண்டும்போது அவளுடைய போன் அடித்தது. அம்மா. ப்ரியா ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?" வள்ளியம்மாவின் குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது, பக்கத்தில் யாரோ இருக்கும்போது பேசுகிற மாதிரி.

"வந்துட்டோம்மா. இன்னும் கொஞ்ச தூரம்தான்."

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வர்றீங்க?"

"ஆமாம்மா. ஏன்?"

 போனில் அம்மாவுக்குப் பின்னால் நாற்காலி நகரும் ஓசையும், ஓர் ஆணின் இருமலும் கேட்டன. விமலன் பிரேக்கை அழுத்திக் காடியைச் சாலையோரம் நிறுத்தினான்.

"கேப்டன் வந்து உக்காந்திருக்காரு" என்றாள் வள்ளியம்மா. "கோப்பி குடுத்தேன், குடிக்கல. ஒரு மணி நேரமா அழுதுக்கிட்டு இருக்காரு. நீங்க அவரை என்னடா பண்ணிட்டு வந்தீங்க?"